விபீஷணன் செய்த டிராவலிங்

திருச்சியில் நடந்த முதல் பாஸ்கெட்பால் மேட்ச் எது என்று கேட்டால் நான் விபீஷணனைத்தான் கைகாட்டுவேன். அயோத்தியில் ராமர் கையால் ரங்க விமானத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒரே ஒரு நிபந்தனை: இலங்கை போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. பாஸ்கெட்பால் ஆடியவர்களுக்கு இந்த இடத்திலேயே சுருக்கென்று இருக்கும். கையில் இருப்பதைத் தரையில் தட்டாமல் இரண்டு எட்டுக்கு மேல் வைத்தால் அது டிராவலிங். மனுஷன் அயோத்தியிலிருந்து காவிரிக்கரை வரை வந்துவிட்டார், விசில் ஊத ஆளில்லை.

காவிரியைப் பார்த்ததும் சந்தியாவந்தனம் பண்ண ஆசை வந்தது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் கையில் விமானத்தைக் கொடுத்தார். பையன் எந்த டீம் என்று விசாரிக்கவில்லை. பையன் பிள்ளையார். இவர் தண்ணீரில் இறங்கி முடிப்பதற்குள் விமானம் தரையில். தரையில் பட்டது பட்டதுதான், அசையவில்லை. கோபத்தில் பையனைத் துரத்திக்கொண்டு மலை மேல் ஏறி நெற்றியில் ஒரு குட்டு வைத்தார். பர்சனல் ஃபவுல். உச்சிப்பிள்ளையார் நெற்றியில் அந்தப் பள்ளம் இன்னமும் இருக்கிறது என்பார்கள். ஃப்ரீ த்ரோ கேட்காமல் பிள்ளையார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தோற்றவருக்கு ஆறுதலாக ரங்கநாதர் தெற்கே இலங்கையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். மேட்ச் அதோடு முடிந்தது.

நான் தில்லை நகர்க்காரி. நடுவில் ஒரு மெயின் ரோடு, இரண்டு பக்கமும் கிராஸ் கிராஸாகத் தெருக்கள் என்று கோடு போட்டு எழுந்த இடம் இது. எங்கள் கோச்சுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. கோர்ட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும்போது, "நீ நாலாவது கிராஸிலே நில்லு. உன்னை யாரு பதினோராவது கிராஸுக்குப் போகச் சொன்னா?" என்றுதான் கத்துவார். மொட்டைமாடியில் ஏறினால் அப்போதெல்லாம் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். இப்போது முன்னால் ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், கோச்சிங் சென்டர். உச்சிப்பிள்ளையார் நெற்றியைக் காட்டினால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவார்கள்.

தில்லை நகரை ஒட்டினாற்போல் உறையூர். அதன் பழைய பெயர் கோழி. சோழ ராஜா யானை மேல் வந்தாராம், ஒரு கோழி குறுக்கே பறந்து யானையை விரட்டி அடித்ததாம், இதுவல்லவோ வீரம் விளைந்த மண் என்று அங்கேயே தலைநகரம் கட்டினாராம். யானையின் நிலைமையை யாரும் கேட்கவில்லை. தமிழில் வாரணம் என்றால் யானை, கோழிக்கும் வாரணம் என்று பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இந்தச் சண்டையை இரண்டு வாரணங்களுக்கு நடுவே நடந்த மேட்சாகவே சொல்கிறார். எங்கள் கல்லூரி டீமில் சராசரி உயரம் ஐந்தடிக்கு கொஞ்சம் மேலே. உயரமான டீம் எதிரே வந்து நின்றால் கோச் உறையூர்ப் பக்கம் கை நீட்டி, "கோழி, கோழி" என்பார். எதிர் டீமுக்கு அது புரியாது. புரிந்த எங்களுக்கும் அதனால் பெரிய பிரயோஜனம் இருந்ததில்லை.

கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்கோரையும் சொல்ல வேண்டிவரும்.

ஸ்ரீரங்கத்தில் இருந்த என் பாட்டிக்கு இந்த விளையாட்டின் மேல் ஒரே ஒரு ஆட்சேபம்தான். காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏண்டி, அடியில்லாத கூடையிலே பந்தைப் போட்டா அது கீழேதானே விழும்? அப்புறம் என்னத்துக்கு மறுபடி மறுபடி போடறேள்?"

பாட்டி ஒரு நூற்றாண்டு தாமதமாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. ஆரம்பத்தில் அந்தக் கூடைக்கு அடி இருந்தது. 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற ஊர், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே அடங்காத பதினெட்டுப் பையன்கள். ஏற்கெனவே இரண்டு வாத்தியார்கள் இவர்களிடம் தோற்றுப் போயிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற முப்பது வயது வாத்தியாரைக் கூப்பிட்டு, பதினான்கு நாளில் உள்ளே ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டைக் கண்டுபிடி என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். நெய்ஸ்மித் கட்டட வேலைக்காரரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருக்கிறது என்று அவர் எடுத்து வந்தார். விளையாட்டுக்குப் பெயர் வந்த கதை அவ்வளவுதான். காந்தி மார்க்கெட் பக்கத்தில் நடந்திருந்தால் வெங்காய மூட்டைதான் கிடைத்திருக்கும், உலகமே இன்று மூட்டைப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்.

கூடையை மாடி கைப்பிடிச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். அது பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் பத்தடியில்தான் இருக்கிறது. காரணம், அந்த மாடி. பந்து உள்ளே விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும். நல்லவேளையாக முதல் மேட்சில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. ஸ்கோர் 1-0. அடியை வெட்டிவிடலாம் என்று மனுஷர்களுக்குத் தோன்றவே வருஷக்கணக்கில் ஆயிற்று. வாழையிலையில் ரசம் ஓடாமல் சோற்றில் குழி வெட்டத் தெரிந்த என் பாட்டி அங்கே இருந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

பெண்கள் இதில் எப்போது நுழைந்தார்கள்? சில வாரங்களில். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள், நாங்களும் ஆடுவோம் என்றார்கள். தரையைப் பெருக்கும் பாவாடை, தோளில் பலூன் மாதிரி உப்பிய கை, இந்த உடுப்போடு இறங்கி ஆடினார்கள். நெய்ஸ்மித் ஒரு டீச்சருக்கு ஃபவுல் கொடுத்தார். அந்த அம்மாள் அவருடைய பிறப்பு வளர்ப்பு பற்றியும், அவர் போய்ச்சேர வேண்டிய இடம் பற்றியும் விளக்கமாகச் சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மனிதர் மிரண்டு ஓடவில்லை. அப்படி முதன்முதலில் ஆடிய பெண்களில் ஒருவரான மாட் ஷெர்மனை 1894-ல் கல்யாணமும் செய்துகொண்டார்.

நடுவரை எதிர்த்துப் பேசுவதில் நமக்கு அமெரிக்கா முன்னோடி இல்லை. பாண்டியன் தப்பாக விசில் ஊதினான். கண்ணகி நேரே அரண்மனைக்குப் போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டினாள், உள்ளேயிருந்த மாணிக்கம் தெறித்து ராஜாவின் வாயில் பட்டது. அதைவிடத் தெளிவான ரீப்ளே உண்டா? நடுவர் தீர்ப்பை மாற்றிக்கொண்ட கையோடு உயிரையும் விட்டார். ஸ்டேடியம் எரிந்தது. இதில் எனக்குப் புரியாத ஒரு சங்கதி உண்டு. அதே சிலப்பதிகாரத்தில் கிட்டத்தட்ட கடைசியில், வாழ்த்துக் காதையில், பெண்கள் பந்தாடிக்கொண்டே பாடும் கந்துகவரி வருகிறது. அதில் யாரை வாழ்த்துகிறார்கள்? பாண்டியனை. விளையாட்டு வீராங்கனைகளுக்கு மறதி அதிகம் என்று என் கணவர் சொல்வது சரிதானோ என்னவோ.

தமிழ்ப்பெண்கள் பந்தடித்ததற்கு இலக்கியத்தில் பஞ்சமில்லை. குறை என்னவென்றால், யாரும் ஸ்கோர் எழுதுவதில்லை. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி எவ்வளவு அழகாகப் பந்தாடுகிறாள்! எத்தனை அடித்தாள் என்று கவிராயர் சொல்லவில்லை. குற்றாலநாதர் பவனி வருகிறார், இவள் பார்க்கிறாள், காதல், ஆட்டம் அம்போ. ஒழுங்காக ஸ்கோர் புத்தகம் எழுதிய ஒரே மனிதர் கொங்குவேளிர். பெருங்கதையில் பந்தடி கண்டது என்று ஒரு பகுதியே உண்டு. ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து அடிக்கிறார்கள், எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் மானனீகை எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறாள். உதயணன் மறைந்திருந்து பார்க்கிறான். ஏற்கெனவே இரண்டு மனைவிகள். அவர்களுடைய தோழிகள் ஆடுகிற ஆட்டம் வேறு. ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு எண்ணிக்கை நினைவில்லை, மானனீகைதான் நினைவில் இருந்தாள். அப்புறம் அவளையும் கல்யாணம் செய்துகொண்டான்.

பெண்கள் ஆடுகிற இடத்தில் கதவைப் பூட்ட வேண்டும் என்கிற எண்ணம் அமெரிக்காவில் யாருக்கு வந்ததோ, அவர் பெருங்கதை படித்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரில் ஸ்மித் பெண்கள் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி டீச்சராகச் சேர்ந்தவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவில் பிறந்தவர், சின்ன வயதில் நோஞ்சான். உடம்பு தேறட்டும் என்று பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள், கடைசியில் அதுவே பிழைப்பாயிற்று. நெய்ஸ்மித்தின் விளையாட்டைப் பற்றிப் படித்தார், தன் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1893 மார்ச் 22-ல் முதலாம் வருஷத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் மேட்ச். ஆண்களுக்கு அனுமதி இல்லை, கதவு பூட்டியாயிற்று. பெரன்சன் நடுவில் நின்று பந்தை மேலே எறிந்தார். அந்த முதல் எறியிலேயே ஒரு பெண்ணின் தோள்பட்டை நழுவிவிட்டது. மென்மையானவர்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று சொல்லி ஆரம்பித்த விளையாட்டு! அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோய்த் தோளைச் சரிசெய்தார்கள், வேறொருத்தி வந்தாள், ஆட்டம் நடந்தது. இரண்டாம் வருஷம் 5-4 என்று ஜெயித்தது.

பெரன்சன் பிறகு பெண்களுக்கென்று தனிச் சட்டம் எழுதினார். கோர்ட்டை மூன்றாகக் கோடு போட்டுப் பிரி. அவரவர் கட்டத்தைவிட்டு நகராதே. மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்காதே. மூன்று தடவைக்கு மேல் தட்டாதே. அடுத்தவள் கையிலிருந்து பிடுங்காதே. எங்கள் வீட்டுக் கூடம், தாழ்வாரம், சமையலறை சட்டங்கள் ஏறக்குறைய இவைதான். பெரன்சனைத் திட்டவும் மனசு வரவில்லை. ஓடினால் பெண்களுக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்று டாக்டர்களே பயமுறுத்திய காலம். இவ்வளவு கோடு போட்டுக் காட்டியதால்தான் ஆட விட்டார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் கிளாரா பேர் என்று இன்னொரு டீச்சர். நெய்ஸ்மித் அனுப்பிய படத்தில் சும்மா வழிகாட்டலுக்குப் போட்டிருந்த கோடுகளைத் தாண்டக்கூடாத வேலி என்று எடுத்துக்கொண்டார் என்பார்கள். அமெரிக்காவில் இந்தக் கட்ட விளையாட்டு லேசில் போகவில்லை; அயோவா மாநிலத்துப் பள்ளிக்கூடங்களில் ஆறு பேர் ஆட்டமாக 1993 வரை நீடித்தது. இங்கிலாந்துப் பக்கம் போய் நெட்பால் என்று தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. அந்த நெட்பாலில்தான் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குல உயரத்தில், வளையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொடியில் துணி போடுகிற மாதிரிப் பந்தைப் போட்டு இலங்கையை ஆசிய சாம்பியன் ஆக்கினார்.

சரி, கல்லூரிப் பெண்களின் முதல் சீசனுக்கு வருவோம். இரண்டு கல்லூரிப் பெண்கள் அணிகள் ஒன்றோடொன்று மோதிய முதல் மேட்ச் 1896 ஏப்ரல் 4, சான் ஃபிரான்சிஸ்கோ, ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். ஒரே மேட்ச். அதுதான் சீசன்.

ஆண்கள் இருந்தால் ஆட மாட்டோம் என்று பெர்க்லி சொல்லிவிட்டது. ஊரில் பெரிய மண்டபம் பிடித்தார்கள், நூற்றுக்கணக்கில் பெண்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரர்களிலும் பெண்களுக்குத்தான் அனுமதி. வெளியே ஊர் ஆண்கள் அத்தனை பேரும். சிலர் கூரைமேல் ஏறிவிட்டார்கள். சிலர் ஜன்னலில் தொங்கினார்கள். உள்ளே சில பெண்கள் கையில் கம்போடு காவல் நின்று, ஜன்னலில் தலை தெரிந்தால் தட்டிவிட்டார்கள். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பதினெட்டுப் பெண்கள் கோர்ட்டில் புரண்டுகொண்டிருக்கும்போது கூடை ஒன்று கோணிக்கொண்டது. சரிசெய்ய இரண்டு ஆண்களை உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. அவர்களைக் கண்டதும் பெர்க்லிப் பெண்கள் அலறிக்கொண்டு ஒரு மூலையில் போய் ஒண்டினார்களாம். ஸ்டான்ஃபோர்டுப் பெண்கள் நின்ற இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். மேட்சை ஸ்டான்ஃபோர்டு ஜெயித்ததற்கு இதுதான் காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி. ஸ்கோர் 2-1.

இவ்வளவு ஜோராக ஆரம்பித்ததற்கு ஸ்டான்ஃபோர்டு என்ன செய்தது? 1899-ல் பெண்கள் வெளிக் கல்லூரிகளோடு ஆடவே கூடாது என்று தடை போட்டது. மாணவிகளின் உடல்நலத்துக்காகவாம். கூரைமேல் ஏறியவர்களின் உடல்நலம் பற்றி எந்தக் கமிட்டியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த விளையாட்டு நம் பக்கம் வந்த வழி சுவாரசியமானது. ஸ்பிரிங்ஃபீல்டில் அதே ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920-ல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் விசிலும் தொப்பியுமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பி.டி. வாத்தியார் ஆனார்கள். திருச்சியில் 1923-ல் ஹோலி கிராஸ் கல்லூரி, 1951-ல் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி என்று பெண்களுக்கான கல்லூரிகள் வந்தன. கல்லூரி என்றால் மைதானம், மைதானம் என்றால் இரண்டு கம்பம். ஒலிம்பிக்ஸில் ஆண்கள் 1936-ல் பெர்லினில் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்து 19-8 என்று ஃபைனல் ஆடி முடித்தார்கள். பெண்களைச் சேர்க்க இன்னும் நாற்பது வருஷம் யோசித்தார்கள், 1976 மாண்ட்ரியலில்தான் விட்டார்கள்.

நம் ஊர்ப் பெற்றோர் அவ்வளவு யோசிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டிய பதில் ஒன்றுதான்: ஆடினால் வேலை கிடைக்குமா? ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு என்று தெரிந்த அன்று எங்கள் அப்பா முட்டி தெரிகிற அரைப் பாவாடையை மன்னித்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். தேசியப் போட்டிகளில் பெண்கள் கோப்பையை ரயில்வே அணி பெரும்பாலான வருஷங்களில் அள்ளிக்கொண்டு போனது சும்மா இல்லை. நாட்டில் நன்றாக ஆடும் பெண்களெல்லாம் அங்கேதான் சம்பளம் வாங்கினார்கள்.

சென்னையிலிருந்து அனிதா பால்துரை வந்தார். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, இனிமேல் என்ன ஆட்டம் என்று ஊர் தீர்ப்பு எழுதி முடித்தபோது திரும்ப வந்தார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு ஃபைனல். கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது, கேப்டன் அனிதா. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஃபைனலை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கூரைமேல் யாரும் ஏறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதே 2021-ல் அமெரிக்காவிலும் ஒரு கூத்து நடந்தது. கல்லூரிப் பெண்கள் தேசிய ஃபைனலில் ஸ்டான்ஃபோர்டும் அரிசோனாவும். உடல்நலத்துக்காகத் தடை போட்ட அதே ஸ்டான்ஃபோர்டு. கடைசி நொடியில் அரிசோனாவின் ஆரி மெக்டொனால்டை மூன்று பேர் சூழ்ந்து நின்றார்கள், அவர் எறிந்த பந்து உள்ளே விழவில்லை. 54-53. ஒரு பாயிண்டில் ஸ்டான்ஃபோர்டு சாம்பியன். தேதி ஏப்ரல் 4. அந்த முதல் கல்லூரி மேட்சும் ஏப்ரல் 4, ஒரு பாயிண்ட் வித்தியாசம், நடுவில் சரியாக 125 வருஷம். இதை எங்கள் ஊர் ஜோசியர் ஒருவரிடம் சொன்னேன். ஸ்டான்ஃபோர்டின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

எங்கள் சீசனும் ஒரு பாயிண்டில்தான் போயிற்று. வேறு வழியில்லை, சொல்லிவிடுகிறேன். மொத்தம் இரண்டு மேட்ச். முதல் மேட்சுக்கு எதிர் டீம் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது, நாங்கள் வாக்ஓவரில் வெற்றி. அதற்கு ஸ்வீட் கூடக் கொடுத்தார்கள். இரண்டாவது மேட்ச் எங்கள் மைதானத்தில். அன்றைக்கு ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று கல்லூரி உத்தரவு, வாட்ச்மேன் அண்ணன் கம்போடு நின்றார். எதிரே கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டுச் சாரத்தில் கொத்தனார்களைவிடக் கல்லூரிப் பையன்கள் அதிகம். கூட்டத்தில் ஒரே ஒரு பெண் தலை மட்டும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தெரிந்தது. பாட்டி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி வந்திருக்கிறாள். பெண்கள் உள்ளே போகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கல் மேல் ஏறி நின்றிருந்தாள்.

கடைசி நொடிகள். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். எங்கள் கேப்டன் கணுக்கால் பிசகி வெளியே உட்கார்ந்திருந்ததால் சீசனிலேயே முதல் தடவையாக என்னை இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் எதிர் டீம் பெண் ஒருத்தி என் மேல் வந்து மோதினாள். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. சாரத்தில் சத்தம் நின்றது. கோச் உறையூர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

முதல் பந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

வெளியே வந்தபோது பாட்டி புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மடிசஞ்சியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்து, காவிரிப் பாலம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்:

"அந்தக் கூடைக்கு அடி இருக்கா இல்லையான்னு இனிமே நான் கேக்கலேடி. நீ போடற பந்துக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"